காலிக் கோட்டை மதிலில் ஒரே குடை

ஜூன் பௌர்ணமியான பொசன் போயா முடிந்து வந்த வாரம் கேகாலை பஸ் நிலையத்தில் ஒரு கதை அடிபட்டது. டைம் கீப்பர் ஜினதாசவின் மகள் நில்மினி, காலிக் கோட்டை மதிலில் கொட்டும் மழையில் ஓர் ஆளோடு ஒரே குடைக்குள் உட்கார்ந்திருந்தாளாம். அந்த ஆளின் கை அவள் தோள்மேல் கிடந்ததாம். அந்த மதிலில் காதலர்கள் வெயிலிலும் குடை விரித்துத்தான் உட்காருவார்கள். ஆகவே ஆள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. என்ன உறவு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கதை ஊரைச் சுற்றி வந்ததில், நில்மினிக்கு வரவிருந்த இரண்டு சம்பந்தங்கள் பாதி வழியிலேயே திரும்பிவிட்டன. அவளுக்கு வயது முப்பத்து மூன்று. பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நான் ஜினதாசவிடமே போய்க் கேட்டேன்.

ஜினதாசவுக்குத் தாமதம் என்றால் ஆகாது. பஸ் ஒன்று பிந்திக் கிளம்பினால் தன்னை யாரோ திட்டியதுபோல் முகம் கறுத்துப்போகும். தன் கல்யாணத்தில் மேளக்காரர்கள் வருமுன்னே மணவறையில் ஏறி நின்றவர் என்று மனைவி ஸ்வர்ணா இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

ஜினதாச சொன்னது இதுதான். போயாவுக்குக் காலிக்குப் போனது தெருவுக்கெல்லாம் விடுமுறைப் பயணம். வேன், சோற்றுப் பொதி, வாழைப்பழச் சீப்பு எல்லாம் முறையாக ஏறின. உண்மையில் அது பெண் பார்க்கும் பயணம். அகங்கமவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் காலிக் கோட்டை வெளிச்சவீட்டடிக்கு வருவார்கள், பின்னேரச் சுபநேரத்தில் இரு குடும்பமும் 'தற்செயலாக' சந்தித்துக்கொள்ளும் என்பது தரகர் கருணாபாலவின் ஏற்பாடு. சரிவராவிட்டால் அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் முடிந்துவிடும். பெண் மஞ்சள் சேலையில் வருவாள் என்று அடையாளமும் சொல்லியிருந்தார்.

விடியற்காலையில் ஜினதாச நரைத்த தலைக்குக் கறுப்பு மை பூசிக்கொண்டு வந்து நின்றார்.

"பார்க்க வர்றது உங்களையா, மகளையா?" என்றாள் ஸ்வர்ணா.

"சும்மா இரு. கிழவன் வீட்டுப் பொண்ணுன்னு சொல்லக்கூடாது பாரு."

வழக்கம்போல் மிக முந்திப் போய்ச் சேர்ந்தார்கள். மழையும் முந்திவிட்டது. மணிக்கூண்டு, பள்ளிவாசல், ஓடு வழியும் ஒடுங்கிய தெருக்கள் என்று நனைந்துகொண்டே சுற்றினார்கள். கண்ணாடியில் ஆவி படிந்த வேனுக்குள் ஆறிப்போன சோற்றைத் தின்றார்கள். ஸ்வர்ணாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. இருந்த ஒரு குடையை விரித்துக்கொண்டு தகப்பனும் மகளும் மட்டும் வெளிச்சவீட்டடி மதிலுக்குப் போய், கடலைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"அப்பா, இவங்களும் வேணாம்னு சொல்லிட்டா, இனி என்னைய யாருக்கும் காட்டாதீங்க."

"அப்படியெல்லாம் பேசாத மகளே."

"கடையில சேலைய விரிச்சுக் காட்டற மாதிரி இருக்குப்பா."

ஜினதாச கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார். மகளின் தோள்மேல் கையைப் போட்டுக்கொண்டார்.

இருட்டும்வரை யாரும் வரவில்லை. தரகரின் போன் செத்துக் கிடந்தது. திரும்பும் வழியில் சாரதி துள்ளலான பைலாப் பாட்டுப் போட்டார். ஸ்வர்ணா நிறுத்தச் சொன்னாள்.

"குடைக்குள் ஓர் ஆள் இருந்ததாக ஊர் பேசுகிறதே, யார் அது?" என்றேன்.

ஜினதாச உள்ளே போய் ஒரு வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்தார். கழுத்துப்பட்டி முழுக்கக் கறுப்பு மை வழிந்து ஊறியிருந்தது.

அவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்க, மறுவாரம் அகங்கமவுக்கு பஸ் ஏறினேன். மாப்பிள்ளையின் தாய் வீரக்கொடி நோனா தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு நேராகப் பேசினாள்.

"நாங்க வந்தோம் மாத்தயா. வேனை விட்டு இறங்கக்கூட இல்ல. மஞ்சள் சேலை, பக்கத்துல ஆம்பள, தோள்ல கை. பின்பக்கம் பார்த்ததே போதும்னு திரும்பிட்டோம்."

"அது அப்பா, நோனா."

"அப்பாவா? தலை கன்னங்கரேல்னு இருந்திச்சே!"

"மை."



"ஐயோ, என் புத்த பகவானே. கருணாபாலகிட்ட மட்டும்தான் சொன்னேன். யாருக்கும் சொல்லாதீங்கன்னும் சொன்னேன்."

"அப்போ ஊருக்கெல்லாம் தெரிஞ்சதுல ஆச்சரியமில்ல."

"மகனுக்கு வெலிகமவுல பேசி முடிச்சாச்சு மாத்தயா. இனி ஒண்ணும் செய்யேலாது. அந்தப் புள்ளைக்கு நானே போன்ல கோல் எடுத்து, என் கண்தான் தப்புன்னு ஒரு வார்த்த சொல்றேன். ஊர்க்காரங்ககிட்டயும் அப்படியே சொல்றேன்."

நில்மினியின் இலக்கத்தைக் கேட்டு, என்னையே தன் போனில் போட்டுத் தரவும் வைத்தாள்.

கேகாலையில் நான் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். "அப்பன் பேரைச் சொல்லி மறைக்கிறாங்க" என்று டிக்கெட் கவுன்டரில் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் வேறெதைச் சொல்வான்? பார்த்தவளே வாய் திறந்தால்தான் நம்புவார்கள்.

நில்மினி சமைக்கும்போதும் போனை அடுப்புத் திண்டில் வைத்துக்கொள்கிறாள். எசலப் போயா போய்விட்டது, அடுத்த மாதத்து நிக்கினியும் போய்விட்டது. அகங்கமவிலிருந்து அந்த ஒரு வார்த்தை இன்னும் வரவேண்டியிருக்கிறது.