ஐந்து கட்டையில் சுவாதி

நாடகம் தொடங்க அரைமணி நேரம் இருக்கையில் மணிமாறன் மேடைக்குப் பின்பக்கம் போய்த் தகரத் தட்டியை ஒட்டி நின்றுகொள்வார். உள்ளே குழந்தைவேல் ஆர்மோனியத்தைத் திறந்து சுருதி பார்ப்பார். ஒரே ஒரு இழுப்புப் போதும். மணிமாறன் செல்போனை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் ஒற்றை வரி போட்டுவிடுவார். ‘இன்று ஹேமலதா.’ அடுத்த நிமிடம் தொண்ணூறு பேருக்குத் தெரிந்துவிடும்.

‘கிளிஞ்சல் பாப்பா’ மூன்று வருடமாக அரியலூர், பெரம்பலூர் பக்கம் சனி, ஞாயிறுகளில் நடந்துவருகிற பாட்டு நாடகம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்து ஓரம் ஆடு மேய்க்கும் சிறுமி, பாறைக்குள் ஒரு கிளிஞ்சலைக் கண்டெடுக்கிறாள். காதில் வைத்தால் எந்தக் காலத்திலோ இங்கே கிடந்த கடல் பேசுகிறது. அவள் பாடிக் கூப்பிடுகிறாள், கடல் வந்துவிடுகிறது. வயலும் வீடும் முழுகப்போகிறது என்றானதும் அவளே பாடித் திருப்பி அனுப்புகிறாள். பாப்பாவுக்கு மட்டும் ஒன்பது பாட்டு. ஒரே பிள்ளையால் வாராவாரம் முடியாது, பள்ளிக்கூடம் வேறு இருக்கிறது. அதனால் நாடகத்தை நடத்தும் ஜெயசித்ரா டீச்சர் மூன்று பிள்ளைகளைத் தயார் செய்து வைத்திருந்தார். ஐந்து மணிக்கு மூன்றையும் நிற்கவைத்து, யாருக்குச் சளி, யாருக்குத் திங்கட்கிழமை பரீட்சை, யார் மத்தியானம் ஒழுங்காகச் சாப்பிட்டது என்று பார்த்துத்தான் இன்று நீ என்று சொல்வார். அதுவரை பிள்ளைகளுக்கே தெரியாது.

பார்க்க வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? மூன்று பிள்ளைக்கும் மூன்று கட்சி உண்டாயிற்று. டீக்கடையில் சண்டை நடந்தது. “சத்யப்பிரியா அழுதா நமக்கும் அழுகை வரும்யா. உங்காளு அழுதா மூக்குதான் ஒழுகுது” என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நின்றார். உடையார்பாளையத்தில் யாரோ ‘ஆறு கட்டை அரசியே’ என்று சுவாதி படம் போட்டுப் பிளெக்ஸ் கட்டினார்கள். டீச்சர் ஸ்கூட்டியை நிறுத்தி, தன் கையாலேயே அதைக் கிழித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து பிள்ளைகளோடு வரும் அம்மாக்கள் செல்போனை ஒரு துணிப்பையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் ஒரு கட்சி வரும், ரெண்டு கட்சி வீட்டில் படுத்துக்கொள்ளும். காலி நாற்காலியைப் பார்த்துப் பிள்ளை பாட வேண்டுமா என்பது டீச்சரின் கேள்வி.

ஆனால் ஆர்மோனியத்தைப் பையில் போட முடியாதே. சத்யப்பிரியாவுக்குச் சுருதி ஐந்து கட்டை. ஹேமலதாவுக்கு ஐந்தரை. சுவாதியின் குரல்தான் மூன்றிலும் உயரம், ஆறு கட்டை. இதைக் காதாலேயே பிரித்தெடுக்க ஊரில் ஒருவரால்தான் முடிந்தது.

மணிமாறனுக்கு நாற்பத்தெட்டு வயது. இருபது வருடம் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று ஆம்பிளிபயர் பக்கத்திலேயே உட்கார்ந்து, பாடத் தெரியாமலே பாட்டின் உயரம் தெரிந்துகொண்டவர். இப்போது சிமெண்ட் ஆலை வாசலில் எடை மேடையில் வேலை. லாரி ஏறி நிற்கும், எண் தெரியும், சீட்டு அடித்து ஜன்னல் வழியாக நீட்டுவார். பகல் முழுக்க நான்கு வார்த்தை பேசினால் அதிகம். சனிக்கிழமை வந்தால் மூன்று மணிக்கே சட்டையை மாற்றிக்கொண்டு நிற்பார்.

“என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னைக்குக்கூட இவ்வளவு சுருக்கா கெளம்பி இருக்க மாட்டீங்க” என்பாள் வளர்மதி.

“அன்னைக்குப் பஸ் லேட்டு.”

“ஆமா, பஸ்ஸுமேல போடுங்க.”

ஒரே மகன் திருப்பூரில் இருந்தான். வீட்டில் இவர்கள் இருவர்தான். நாடகம் முடிந்து வந்து, இன்றைக்கு யார், எந்தப் பாட்டில் என்ன செய்தாள் என்று அவர் சாப்பிட்டபடி சொல்லும்போது, அவள் பாதி கேட்பாள், பாதி டிவி பார்ப்பாள். அறுபத்தோரு முறை பார்த்திருந்தார். அவர் எந்தக் கட்சியும் இல்லை. யார் வந்தாலும் பார்ப்பார். குழுவில் எல்லாரும் அவரை நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவரை எல்லாரையும்விட அதிகம் நம்பியவன் ஜெயசீலன், சுவாதியின் அப்பா. சிமெண்ட் தூளைத் தொட்டியில் ஏற்றிப் போகும் பல்கர் லாரி ஓட்டுகிறவன். எடை மேடைக்கு வாரத்தில் மூன்று தரமாவது வருவான். சீட்டு வாங்க ஜன்னலில் கை நீட்டும்போது ஒருநாள் கேட்டான்.

“அண்ணே, எம்புள்ள எப்படி நடிக்குது?”

“நீ பாத்ததில்லையா?”

“ரெண்டு தடவ லீவு போட்டுட்டு வந்தேன். ரெண்டு தடவையும் வேற புள்ள. நல்லாத்தான் பாடுச்சு, இல்லங்கல. ஆனா நான் எம்புள்ளயப் பாக்க வந்தேன்.” சிரித்தான். “வூட்ல பாடச் சொன்னா, போப்பா, வெக்கமா இருக்குங்குது. மேடையில எப்படி நிக்கிதுன்னு ஒரு தடவ பாத்துட்டாப் போதும். சுவாதின்னு தெரிஞ்சா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கண்ணே. எங்க இருந்தாலும் வண்டிய ஓரங்கட்டிட்டு வந்துர்றேன்.”

மணிமாறன் அவனைக் குழுவில் சேர்த்தார். எட்டு மாதத்தில் சுவாதி மேடை ஏறிய நாளெல்லாம் அவன் பாலக்காட்டிலோ சேலத்திலோ இருந்தான். மெசேஜுக்குக் கீழே கைகூப்பும் பொம்மை மட்டும் வரும்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை. நாடகம் குரும்பலூரில். துறையூர் ரோட்டை ஒட்டிய மைதானத்தில் பந்தல். ஐந்தரை மணிக்கு மணிமாறன் தட்டியை ஒட்டி நின்றார். உள்ளே ஒரு பிள்ளை இருமியது. பிறகு குழந்தைவேல் துருத்தியை இழுத்தார். ஐந்து கட்டை. சந்தேகமே இல்லை. ‘இன்று சத்யப்பிரியா’ என்று போட்டார்.

போட்ட கையோடு ஜெயசீலன் கூப்பிட்டான்.

“அண்ணே, பெரம்பலூர்ல துறையூர் ரோடு திருப்பத்துல நிக்கிறேன். சத்யாதானா? நல்லாக் கேட்டீங்களா?”

“என் காது என்னைக்குடா தப்பிருக்கு?”

“அதுக்கில்லண்ணே. நாமக்கல்ல எட்டு மணிக்கு லோடு எறக்கணும். எம்புள்ளன்னா நிறுத்திப் பாத்துட்டு, போய்த் திட்டு வாங்கிக்கலாம்னு நெனச்சேன்.”

“சத்யாதான். நீ கெளம்பு தம்பி.”

ஆறு மணிக்குத் திரை விலகியது. ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றது சுவாதி.

மணிமாறனுக்கு முதலில் கோபம் வந்தது, குழந்தைவேல் மேல். அப்புறம் அவள் வாயைத் திறந்தாள். தொண்டை கட்டியிருந்தது. அதனால்தான் சுருதியை ஒரு கட்டை இறக்கியிருக்கிறார்கள். இருமியது இவள்தான். அவர் நாற்காலிகளுக்கு நடுவே, உட்கார்ந்திருந்தவர்களின் கால்களை மிதித்துக்கொண்டு வெளியே ஓடினார்.

“தம்பி, தப்பு பண்ணிட்டேன். சுவாதிதான் நிக்கிது.”

அந்தப் பக்கம் எஞ்சின் சத்தத்துக்கு மேல் அவன் குரல் வந்தது.

“துறையூர்கிட்ட வந்துட்டேனேண்ணே. லோடோட எங்க திருப்புறது? பரவால்ல விடுங்க. அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

அடுத்த வாரம் என்பதைப் பிடித்துக்கொண்டு மணிமாறன் உள்ளே வந்து உட்கார்ந்தார். ஆறாவது காட்சியில் பாப்பா ஓலைக்கூடைக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். சுவாதி குந்தினாள், குறுகினாள். மூடி மூடவில்லை. தலை தூக்கிக்கொண்டு நின்றது. கூட்டம் சிரித்தது. மணிமாறன் சிரிக்கவில்லை. கூடைக்குள் அடங்காத பிள்ளைக்கு அந்த வேஷம் இல்லை என்பது டீச்சரின் விதி. எப்போது கடைசி என்று யாரிடமும் முன்னால் சொல்வதில்லை. சொன்னால் பிள்ளை அழுதுகொண்டே பாடும்.

கடலைத் திருப்பி அனுப்பிய பிறகு கிளிஞ்சலைத் தரையில் வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். அன்று டீச்சர் கைகாட்ட, சுவாதி அதை வைக்கவில்லை. டீச்சர் ஓரத்திலிருந்து நீலப் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண்ணைக் கைபிடித்து அழைத்து வந்தார். சுவாதி கிளிஞ்சலை அதன் இரண்டு கையிலும் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். “இனிமே இந்தப் பாப்பா” என்று டீச்சர் மைக்கில் சொன்னார்.

பந்தல் பிரிக்கும்போது மணிமாறன் டீச்சர் முன்னால் போய் நின்றார். நடந்ததைச் சொன்னார்.

“இன்னும் ஒரே ஒரு ஷோ, டீச்சர். அவங்கப்பாவுக்காக.”

ஜெயசித்ரா வயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். “இவளுக்கு ஒண்ணு குடுத்தா, அந்தச் சின்னதுகிட்டருந்து ஒண்ணப் புடுங்கணும். அதுக்கும் அப்பா இருக்காருல்ல?”

“இது என் தப்பு டீச்சர்.”

“உங்க தப்புதான்” என்றார் அவர், கோபம் இல்லாமல். “அஞ்சு மணிக்கே சுவாதி எங்கிட்ட வந்து, எங்கப்பா இந்த ரோட்லதான் இன்னைக்குப் போவாரு, நான் பாடுறேன் டீச்சர், தொண்டை பரவால்லன்னு சொன்னா. அதுக்காகத்தான் ஒரு கட்டை எறக்கி அவளையே விட்டேன்.”

மணிமாறன் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. என்ன ஏது என்று கேட்ட வளர்மதி, முழுதும் கேட்டபின் டிவியை நிறுத்தினாள். “நேர்ல போய்ச் சொல்லிருங்க. போன்ல வேணாம்” என்று மட்டும் சொன்னாள். மறுநாள் அவர் குழுவிலிருந்து விலகினார். ஏன் என்று கேட்டு நாற்பது பேர் தனித்தனியாக எழுதினார்கள்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஜெயசீலனின் லாரி எடை மேடை ஏறியது. மணிமாறன் ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டினார். அவன் வாங்கினான். முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியை நகர்த்தி, லோடு ஏற்றும் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினான். முன்னால் பதினேழு லாரி.

மணிமாறன் பக்கத்து நாற்காலிக்காரரிடம், “அரியமுத்து, கொஞ்சம் பாத்துக்கப்பா” என்று சொல்லிவிட்டு இறங்கினார். பத்து வருடத்தில் வேலை நேரத்தில் அவர் அந்த அறையைவிட்டு வரிசைப் பக்கம் வந்தது அதுதான் முதல்முறை. தூசி வெயிலில் நடந்து போய், லாரியின் இடதுபக்கக் கதவைத் தட்டினார். அது திறந்தது. ஏறி உட்கார்ந்தார்.

“வூட்ல சொல்லிட்டாங்களா?”

“ம்.”

“நான் பண்ணுனதுக்கு…”

“பந்தல் லைட்டப் பாத்துக்கிட்டேதாண்ணே போனேன்” என்றான் ஜெயசீலன். ஸ்டீயரிங்கை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். “வண்டியக்கூட ஸ்லோ பண்ணுனேன். ஆர்மோனியச் சத்தம் கேட்டுச்சு. யாரு புள்ளயோ நல்லாப் பாடட்டும்னு நெனச்சுக்கிட்டுப் போனேன்.”

முன்னால் ஒரு லாரி நகர்ந்தது. அவனும் வண்டியை ஒரு லாரி நீளம் நகர்த்தி நிறுத்தினான்.

“மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. அத வச்சு நான் என்ன பண்றது?” என்றான். “நீங்க பாத்தீங்கல்ல. எப்படி பண்ணுனா? வூட்ல கேட்டா, நல்லாப் பண்ணுனா, நல்லாப் பண்ணுனாங்கிறாங்க. அவளக் கேட்டா போப்பாங்கிறா.”

மணிமாறனுக்கு அறுபத்திரண்டு முறையும் நினைவில் இருந்தது. அதில் சுவாதி ஆறு கட்டையில் கணீரென்று பாடிய ஒரு நாளை இவனுக்குச் சொல்லியிருக்கலாம். அவர் அந்தச் சனிக்கிழமையைச் சொன்னார்.

“மொதப் பாட்டு நான் முழுசாப் பாக்கல. உனக்கு போன் பண்ண வெளிய ஓடிட்டேன். அத என்னால சொல்ல முடியாது. ரெண்டாவது பாட்டுலேருந்து சொல்றேன்.”

சொன்னார். எங்கே நின்றாள், எந்தக் கையில் கிளிஞ்சல், ஆட்டுக்குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடப்பார்த்ததும் எப்படி வசனத்தை நிறுத்தாமலே காலால் கயிற்றை மிதித்தாள். ஜெயசீலன் அதற்குச் சிரித்தான். “அது எங்கம்மா புத்தி” என்றான். கூடை மூடாததைச் சொன்னார். அதற்கும் சிரித்தான், ஆனால் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“ஏழாவது பாட்டு, கடலைக் கூப்புடுறது. அதுல தொண்ட ஒடஞ்சிருச்சு தம்பி.”

“பாதியிலயா?”

“பாதியில. சத்தமே வரல. அப்படியே நின்னுட்டா. கூட்டத்துல ஒரு பய மூச்சு விடல. குழந்தைவேல் துருத்திய விடாம சுருதிய மட்டும் இழுத்துக்கிட்டே இருந்தாரு. அப்ப அவ கூட்டத்தப் பாக்கல. கூட்டத்துக்குப் பின்னாடி, ரோட்டப் பாத்தா.”

ஜெயசீலன் கண்ணாடி வழியாக முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எவ்வளவு நேரம்?”

“ரெண்டு லாரி போற நேரம் இருக்கும். அப்புறம் மெதுவா எடுத்தா, ரொம்பக் கீழ. பாட்டு மாதிரியே இல்ல, பக்கத்துல இருக்கறவங்கள கூப்புடுற மாதிரி. நான் அவ பாடி இருவது தடவைக்கு மேல கேட்டிருக்கேன். அந்த மாதிரி கேட்டதில்ல.”

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. முன்னால் இடம் காலியாகிக் கிடந்தது. ஜெயசீலன் அதைக் கவனிக்கவில்லை. மறுபடியும் அடித்தது, நீளமாக. யாரோ தலையை வெளியே நீட்டித் திட்டினார்கள். அவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு வண்டியை நகர்த்திக் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை அணைத்தான்.

“இன்னும் பதினாலு வண்டி இருக்குண்ணே” என்றான். “ரோட்டப் பாத்தான்னீங்களே, அதுலேருந்து இன்னொரு தடவ சொல்லுங்க.”