வெங்காயக் கூடைக்குப் பின்னால்

மகளின் கல்யாண நகைகளுக்காக லாக்கர் வாங்கியது தை மாதத்து முதல் வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை அதைப் பொருத்த ஒருவர் எங்கள் திருவொற்றியூர் வீட்டுக்கு வந்தார். குட்டையான மனிதர், புருவமெல்லாம் சிமெண்ட் தூசி.

தென்மேற்கிலுள்ள கன்னி மூலையில் வைத்தால்தான் செல்வம் தங்கும் என்றாள் என் மனைவி.

"எல்லார் வூட்லயும் அங்கதான்கா கீது. திருடனுக்கு மட்டும் திசை தெரியாதா இன்னா?" என்றார் அவர்.

"அதுக்காக சமையல்கட்டுல வெங்காயக் கூடைக்குப் பின்னாடியா வைப்பாங்க?" என்று மனைவி நொடித்தாள்.

அவர் முகம் மலர்ந்தது. "அக்கா, சூப்பர் எடம்!"

அங்கேயே தரையில் துளையிட்டு, போல்ட் போட்டு முடுக்கினார். நாங்கள் ரகசிய எண்ணைப் பதிக்கும்போது மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, காதுகளையும் பொத்திக்கொண்டார்.

கிளம்பும்போது என்னிடம், "இரும்பு தாங்கும் சார். உன் வாய் தாங்குமா பாத்துக்க" என்றார்.

பங்குனியில் காசிமேட்டு மீன் மார்க்கெட்டில் அவரைக் கண்டேன். உற்சாகத்தில், "நீங்க வச்ச லாக்கர் ஜம்முன்னு இருக்கு!" என்று கத்திவிட்டேன். கூட்டமே திரும்பியது.

வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு நைனா நீ?" என்றவர், மீன்காரம்மாவிடம் திரும்பி, "மத்தி வாங்கவே யோசிக்கிற மூஞ்சி, இவன் வூட்ல லாக்கராம்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

வைகாசியில் நகைகள் ஒரு குந்துமணி குறையாமல் மகள் கழுத்தில் ஏறின. அவர் அன்று என்னை உண்மையிலேயே மறந்திருந்தாரா என்று இன்னும் தெரியவில்லை. நேரில் கேட்கலாம்தான், கேட்டால் இன்னொரு முறை திட்டு வாங்க வேண்டியிருக்கும்.