தாமாகவே காலி செய்தார்

காஞ்சிபுரத்தில் எனக்குத் தெரியாத தெரு கிடையாது. என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்ன வீடுகள் மட்டும் குறைவு. நான் கோர்ட்டு அமீனா.

சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பது ஒரு வேலை. தீர்ப்பு வந்த வழக்கில், அந்தத் தீர்ப்பை நேரில் போய் நடத்தி முடிப்பது இன்னொரு வேலை. வீட்டை இன்னாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நீதிபதி எழுதிவிட்டால் வீடு அன்றைக்கே கைமாறிவிடாது. ஜெயித்தவர் மறுபடி ஒரு மனு போட வேண்டும். அதற்கு நிறைவேற்று மனு என்று பெயர். அதன்பேரில் வாரண்ட் பிறக்கும். அதை எடுத்துக்கொண்டு நான் போவேன். திரும்பி வந்ததும் வாரண்டின் பின்பக்கம் ‘நிறைவேற்றப்பட்டது’ என்றோ, ‘நிறைவேற்ற இயலாமல் திருப்பப்படுகிறது’ என்றோ எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

கோயில் வாசலிலும் இதே சொல்லைக் கேட்கிறேன். மொட்டையடித்த தலையில் சந்தனம் ஈரமாக இருக்க, “வேண்டுதல நிறைவேத்திட்டோம்” என்று குடும்பமாகச் சிரித்துக்கொண்டு வருவார்கள். என் வேலையில் அந்தச் சொல்லைச் சொல்லி யாரும் சிரித்ததில்லை.

ஐயம்பேட்டையில் என் வீடு. மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மகன் சென்னையில் இருக்கிறான். சொந்தக்காரர்கள் புது வீடு கட்டினால் எனக்கும் பத்திரிகை வைப்பார்கள். கூடவே, “நீங்க மறுநாள் நிதானமா வாங்க மாமா” என்பார்கள். பால் காய்ச்சுகிற நாளில் அமீனா படியேறக் கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் மறுநாளே போய்விட்டு வருவேன்.

ஓர் ஆவணி மாதத்தில் நடந்ததை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருக்கிறேன்.

அப்போது நான் காலி செய்ய வைக்கப் போன வீட்டில் இருந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ரவிக்கை தைத்துப் பிழைத்தார். கணவர் இறந்துவிட்டார், குழந்தை இல்லை. மாமியார் வீட்டு முன்னறையில் தனியாக இருந்தார். மாமியார் சாவதற்கு முன்னால் வீட்டை இளைய மகனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அந்த இளைய மகன்தான் இவர்மேல் வழக்குப் போட்டு ஜெயித்தவர். சம்மன் கொடுக்க நான் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் நின்றபடியே கடைசி வரிவரை படித்துவிட்டு, என் பேனாவை வாங்காமல் தன் பேனாவால் கையெழுத்துப் போட்டார்.

ஒப்படைப்பு வாரண்டோடு நான் போன காலையில், தட்டுவதற்கு முன்பே கதவு திறந்திருந்தது. சாமான்கள் மூட்டைகளாகக் கட்டப்பட்டிருந்தன. வாசலில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று நின்றது. கொழுந்தனார் புதுப் பூட்டோடு தெருவில் நின்றார்.

“வாங்க சார். விடிஞ்சதிலேர்ந்து உங்களுக்காகத்தான் உக்காந்துக்கினு இருக்கேன்” என்றார் அந்த அம்மா.

“எல்லாம் கட்டிட்டீங்களாமா?”

“கட்டிட்டேன். நீங்க எழுதப் போறத எனக்கு முதல்ல படிச்சிக் காட்டுங்க.”

ஜன்னல் திண்டில் தாளை வைத்து எழுதினேன். கை தானாக எழுதும் வாசகம்தான்: ‘பிரதிவாதியை வெளியேற்றி, காலி இடத்தை மனுதாரர் வசம் ஒப்படைத்தேன்.’ படித்தேன்.

“வெளியேத்தியா? என்னை யாரு சார் வெளியேத்துனது? நீங்க என் கைய புடிச்சி இழுத்தீங்களா?”

“வழக்கமா அப்படித்தான்மா எழுதறது.”

“வழக்கத்த எழுதாதீங்க சார். நடந்தத எழுதுங்க.”

கொழுந்தனார் உள்ளே எட்டிப் பார்த்தார். “எப்படி எழுதினா இன்னா சார்? ராகு காலத்துக்கு முன்னாடி நான் பூட்டு போடணும்.”

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம் சொன்னார்: “எங்க மாமியார் பத்திரம் எழுதுனப்போ, ‘ஒரு சாட்சிக் கையெழுத்து போடுமா’ன்னாங்க. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரே கும்பல். அடுப்புல சோறு வச்சிட்டு வந்திருந்தேன். படிக்காமலே போட்டுட்டேன். கோர்ட்டுல அதத்தான் எடுத்துக் காட்டி, ‘இது உன் கையெழுத்துதானே’ன்னு கேட்டாங்க. என் கையெழுத்துதான். வேற இன்னா சொல்றது?”

முதல் தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். ‘பிரதிவாதி தாமாகவே தம் பொருள்களை அப்புறப்படுத்திக்கொண்டு, இடத்தைக் காலி செய்து சாவியை என்னிடம் கொடுத்தார். நான் அதை மனுதாரர் வசம் ஒப்படைத்தேன்.’ இந்த முறை தாளை அவரே வாங்கிப் படித்தார். படித்துவிட்டுத் தலையசைத்தார்.

அடுத்து, அந்தத் தெருவைச் சேர்ந்த இரண்டு பேராவது சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும். தெருவில் இறங்கினேன். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு வீட்டில் நான் படியேறியதும் சத்தம் நின்றது. யாரும் வெளியே வரவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் பாதி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நாளைக்கும் அதே தெருவில் இருக்க வேண்டியவர்கள். அரை மணி நேரம் அலைந்துவிட்டுத் திரும்பினேன்.

“யாரும் வரலயா?” என்றார் அந்த அம்மா.

“வரலமா.”

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்கு நடந்தார். பின்னாலேயே போனேன். கதவைத் தட்டி, “அக்கா, வந்து ஒரு கையெழுத்து போடு” என்றார்.

எதிர்வீட்டு அம்மாள் கதவைப் பாதி திறந்து என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். “உன்னை அனுப்புற காயிதத்துல என்னைப் போடச் சொல்றியாடி? இந்தக் கையால எப்படிடி போடுவேன்?”

“நீ போடலன்னா போலீச கூப்ட்டுக்கினு இன்னொரு நாள் வருவாங்க. அப்போ வேற மாதிரி எழுதுவாங்க. படிச்சிட்டுப் போடுக்கா. படிக்காம போடாத.”

எதிர்வீட்டு அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். ‘தாமாகவே’ என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி ஒருமுறை படித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த தன் வீட்டுக்காரரையும் கூப்பிட்டுப் போடவைத்தார். தாளை என்னிடம் நீட்டும்போது, “இதெல்லாம் ஒரு வேலையா சார்?” என்று கேட்டார்.

சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு அந்த அம்மா வண்டியின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். முசரவாக்கத்தில் ஓர் அறை பார்த்திருப்பதாக டிரைவர் சொன்னார். கொழுந்தனார் நேரத்துக்குள் பூட்டிவிட்டார்.

கோர்ட்டில் தலைமை எழுத்தர் என் அறிக்கையைப் படித்துவிட்டு, “தாமாகவே எதுக்குப்பா?” என்றார்.

“நடந்தது அதுதான் சார்” என்றேன்.

வாரண்டின் பின்பக்கம் ‘நிறைவேற்றப்பட்டது’ என்று எழுதினேன். எத்தனையோ முறை எழுதிய சொல். அன்றைக்கு அதை எழுதி முடித்த பிறகும் பேனாவை மூட மனம் வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஓர் ஆளுக்கு ரசம் வைத்தேன். அன்றைக்கு நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மகனுக்குப் போன் போட்டேன். “மீட்டிங்ல இருக்கேன்பா, எதுனா அவசரமா?” என்றான். இல்லை என்றேன். என் மனைவி இருந்தால், “அந்தப் பொம்பளை சாப்ட்டாளா?” என்று முதலில் கேட்டிருப்பாள். நான் அதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வருடம் வேறு ஒருவருக்குச் சம்மன் கொடுக்க முசரவாக்கம் போனேன். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி நடக்கும்போது ஒரு வீட்டு வாசலில் அந்த அம்மா துணி வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த பையைத்தான் பார்த்தார். துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

வாசலில் நின்று, “உங்களுக்கு ஒண்ணும் இல்லமா. வேற ஆளுக்கு வந்தேன்” என்றேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “யாருக்கு?”

“சொல்லக் கூடாதுமா.”

“அப்ப போங்க சார்.”

நல்லா இருக்கீங்களா என்று கேட்கத்தான் நின்றேன். மூடிய கதவைப் பார்த்து அதைக் கேட்க வாய் வரவில்லை. சம்மனில் இருந்த விலாசத்தைத் தேடி நடந்தேன். அந்த ஆள் வயலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அவர் வரும்வரை தெருமுனையில் வெயிலில் நின்றேன்.