அக்காவுக்குத் தொண்டை நோ

பிஷ்கெக் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, எதற்காக வந்திருக்கிறாய் என்று கேட்டார். சுற்றிப் பார்க்க என்றேன். பெட்டிக்குள் ஒரு சின்ன ரைஸ் குக்கரும், டூட்டிங்கில் வாங்கிய அரிசி பருப்பும், ஒரு போத்தல் மிளகாய்த்தூளும் இருந்தன. அவர் குக்கரின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். லண்டனிலிருந்து சோறு சமைக்க வந்திருக்கும் பைத்தியம் என்று நினைத்திருப்பார். போகலாம் என்று கையைக் காட்டினார். என் அக்கா செத்து அன்றைக்கு மூன்றாம் நாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, லண்டன் கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டில் நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றபோது அத்தான் போன் எடுத்தார். அக்காவின் கணவர். எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர், அன்றைக்கு இன்னும் மெதுவாகப் பேசினார். "பிள்ளை, அக்கா போயிட்டா." குளியலறையில் விழுந்திருக்கிறாள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போதே மூச்சு இல்லையாம். ஐம்பத்தாறு வயது, நெஞ்சு நோ என்று ஒரு நாள் சொன்னவள் இல்லை. நான் அழத் தொடங்குவதற்குள் அத்தான் அடுத்த கேள்விக்கு வந்துவிட்டார். "மகளுக்கு என்னெண்டு சொல்லுறது?"

அவர்களுக்கு ஒரே மகள். என் பெறாமகள். பிஷ்கெக்கில் ஆறு வருடமாக டொக்டருக்குப் படிக்கிறாள். கடைசிச் சோதினை அந்த வியாழக்கிழமை தொடங்க இருந்தது. மூன்று பாடம், அடுத்த வியாழனோடு முடிந்துவிடும். கனடாவில் இருக்கும் எங்கள் அண்ணையையும் போனில் சேர்த்துக்கொண்டோம். பிறகு ஒருவர் சொன்னார்: "சோதினை முடியட்டும். அதுக்குப் பிறகு சொல்லுவம்."

அந்த ஒருவர் நான்தான். அண்ணையில் பழி போட்டு இதை எழுதியிருக்கலாம், அவர் இதையெல்லாம் வாசிக்கப் போவதில்லை. ஆனால் சொன்னது நான். அத்தான் உடனே "ஓம், ஓம்" என்றார். யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலிருந்தது.

நான் டூட்டிங்கில் ஒரு ஜீ.பி. சேர்ஜரியில், குடும்ப டொக்டரின் கிளினிக்கில், வரவேற்பு மேசையில் இருப்பவள். மாதத்தில் ஒருவராவது வந்து, எங்கள் ஆள் என்பதால் குரலைத் தாழ்த்தி, "அக்கா, அம்மாவுக்குக் கான்சர் எண்டு டொக்டர் சொல்லிப்போடாமல் பாருங்கோ" என்று கேட்பார்கள். நான் ஏறி விழுவேன். அது அவவின்ர உடம்பு, அவவுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று பிரசங்கம் செய்வேன். பன்னிரண்டு வருடப் பிரசங்கம். என் வீட்டில் ஒரு சாவு விழுந்ததும் எல்லாம் காற்றோடு போய்விட்டது.

பொய் சொன்னால் காவல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒருவர் செத்தால் இரண்டு மணித்தியாலத்தில் இணையத்தில் மரண அறிவித்தல் வந்துவிடும், படத்தோடு, எந்தெந்த நாட்டில் யார் யார் என்ற பட்டியலோடு. அதை நிறுத்தினோம். சொந்தக்காரர் எல்லோருக்கும் ஆள்மாறி ஆள் போன் எடுத்து, பேஸ்புக்கில் ஒன்றும் போடாதேங்கோ என்று மன்றாடினோம். இருந்தும் யாராவது வாய் தவறிவிட்டால்? யாராவது பெறாமகளின் பக்கத்தில் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா தேவையில்லை. அதனால் அக்காவின் முகத்தைப் பார்க்க ஓட வேண்டிய நான், அதற்கு நேர் எதிர்த்திசையில் விமானம் ஏறினேன்.

பெறாமகளின் கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஒரு மலிவான ஹோட்டலைப் பிடித்திருந்தேன். பழைய சோவியத் கட்டடம், நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை. அறையில் ஒடுக்கமான இரண்டு கட்டில், ஒரு மேசை, பூப்போட்ட தடித்த திரை. யன்னலைத் திறந்தால் தெருவின் முடிவில் பனி மூடிய மலை. ஜூன் மாதம், வெளியே வெயில் கொளுத்தியது. ஆனால் குழாயில் சுடுதண்ணி இல்லை. கோடையில் குழாய் திருத்துவதற்காக நகரம் முழுக்க நிறுத்தி வைப்பார்களாம். கீழே வரவேற்பில் இருந்த பெண்மணிக்கு என் வயதிருக்கும், முன்பல் இரண்டு தங்கம். அறையில் சமைக்கக் கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை விரலால் காட்டினாள். பிறகு என் ரைஸ் குக்கரைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டினாள். காலையும் மாலையும் இரண்டு கேத்தில் சுடுதண்ணி தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி வருவாள்.

பெறாமகள் என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தாள். "லீவு கிடைச்சது, உனக்குச் சமைச்சுத் தர வந்தனான்" என்றேன். துள்ளிக்கொண்டு போய் விடுதியிலிருந்து புத்தகங்களைத் தூக்கி வந்து, என் அறையிலேயே மேசையில் பரப்பிவிட்டாள். உட்கார்ந்ததும் முதல் கேள்வி அதுதான்.

"சித்தி, அம்மா ரெண்டு நாளா போன் எடுக்கிறா இல்லை. ஏன்?"

"தொண்டையில கிருமியாம். கதைக்கக் கூடாதெண்டு சொல்லியிருக்கினம்."

இதை நாங்கள் மூன்று பேரும் முன்பே பேசி வைத்திருந்தோம். கதைக்க ஏலாது, ஆனால் எழுதலாம். அக்காவின் போன் அத்தானிடம் இருந்தது, பதில் அவர் எழுதுவார். ஆனால் டொக்டருக்குப் படிக்கிற பிள்ளையிடம் நோய் வருத்தத்தைச் சொல்லிப் பொய் சொல்வதில் உள்ள மடத்தனம் எங்களுக்கு உறைக்கவில்லை.

"காய்ச்சல் இருக்கோ?"

"கொஞ்சம்."

"கொஞ்சமெண்டா எத்தினை? என்ன அன்ரிபயோட்டிக் குடுத்தவை?"

சேர்ஜரியில் தினமும் காதில் விழும் பெயர்தான் வாயில் வந்தது. "அமொக்சிசிலின்."

கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டாள். "ஐயோ சித்தி! அம்மாவுக்கு அது ஒத்துவராதெல்லோ! நான் சின்னனில இருக்கேக்க ஒருக்கா உடம்பெல்லாம் தடிச்சு மூச்செடுக்க ஏலாமல் போனவ. ஒருத்தரும் டொக்டரிட்டச் சொல்லேல்லையோ?" அம்மாவுக்கு எழுதத் தொடங்கினாள். உடனே நிப்பாட்டுங்கோ, அப்பாவை விட்டு இந்த மருந்தை வாங்குங்கோ, ஒரு நாளைக்கு இத்தனை, இத்தனை நாளைக்கு.

நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அத்தானுக்குப் போன் எடுத்தேன். "அத்தான், மருந்தை மாத்தியாச்சு எண்டு எழுதுங்கோ." அவர் பின்னால் பறை கேட்டது, பெண்கள் அழுவதும் கேட்டது. கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். அவர் அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்று, "அந்த மருந்தின்ர பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் பிள்ளை" என்று கேட்டார். நான் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். வெளியே வந்தபோது அவள் போனைக் காட்டிச் சிரித்தாள். "மாத்திப்போட்டினம். நல்ல காலம் நான் கேட்டன்."

அடுத்த நாள் காலை அடக்கம். வீடியோக்காரர் நேரலைக்கு இணைப்பு அனுப்பியிருந்தார். பிஷ்கெக்குக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அரை மணித்தியால வித்தியாசம்தான், எனக்கே அது அநியாயமாகப் பட்டது, அவ்வளவு கிட்டத்தில் இருந்தோம். அவளை மேசையில் விட்டுவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போகிறேன் என்று கீழ்த்தளத்துச் சாப்பாட்டறைக்குப் போனேன். அவித்த முட்டையும் தட்டில் காய்ந்துபோன சொசேஜும் இருந்த மேசையில் போனை ஒரு சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு என் அக்காவின் செத்தவீட்டைப் பார்த்தேன். அவளுக்கு அரக்குச் சேலை கட்டியிருந்தார்கள். யாரோ தலையைத் தவறாக வாரிவிட்டிருந்தார்கள், அவள் நடு உச்சி எடுக்கவே மாட்டாள். வாய்க்கரிசி போடப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். மகள் எங்கே என்று ஒரு கிழவி சத்தமாகக் கேட்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

வரவேற்புப் பெண்மணி தேத்தண்ணி வைக்க வந்தவள், போனைப் பார்த்து அப்படியே எதிரில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து ஏதோ முணுமுணுத்து முகத்தைத் தடவிக்கொண்டாள். பிறகு தன் போனை எடுத்து அதில் பேசி, மொழிபெயர்ப்பை ஆங்கிலத்தில் எனக்குக் காட்டினாள். மேலே இருக்கும் பெண்ணுக்குத் தெரியுமா? இல்லை என்று தலையாட்டினேன். செத்தவர் அவளுக்கு யார்? தாய் என்றேன். அவள் மறுபடி போனில் பேசினாள். திரையில் வந்ததை நான் இரண்டு தரம் வாசித்தேன். 'நாங்களும் தூரத்தில் இருப்பவர்களுக்கு உடனே சொல்ல மாட்டோம். வருத்தம் என்று சொல்லிக் கூட்டி வருவோம். ஆனால் அடக்கத்துக்கு முன் கூட்டி வந்துவிடுவோம்.'

எனக்குக் கோபம்தான் வந்தது. உனக்கென்ன தெரியும், அவளுக்கு நாளைக்குச் சோதினை என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அவள் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். அவித்த முட்டையை உரித்துக்கொண்டு மேலே போனேன்.

மூன்று பாடத்திலும் கடைசிதான் அவளுக்குப் பயம். அடுத்த வியாழன் விடிந்ததும், "அம்மா ஒண்டும் அனுப்பேல்லை" என்று முகம் தொங்கிப்போய் இருந்தாள். அத்தானைக் கேட்டால், "எனக்கு இனி ஏலாது பிள்ளை, கை வருதில்லை" என்றார். அவருக்கு ஏலாது என்றால் நான்தான். அவள் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தாள், எனக்கும் அவளுக்கும் இடையில் இரண்டு அடிகூட இல்லை. கட்டிலில் இருந்தபடி நான் எழுதினேன். 'என்ர குஞ்சு, பதறாமல் செய். என்ர பிள்ளைக்குத் தெரியாதது ஒண்டுமில்லை.' அக்கா அப்படித்தான் சொல்வாள். அத்தானுக்கு அனுப்பினேன், அவர் அதை அக்காவின் போனிலிருந்து அவளுக்கு அனுப்பினார். அவள் போன் சிணுங்கியது. வாசித்தாள், திரையில் முத்தம் கொடுத்தாள், வெள்ளைக் கோட்டின் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

மத்தியானம் பூங்கொத்தோடு வந்தாள். தேர்ச்சி என்று அங்கேயே சொல்லிவிட்டார்களாம். நாலு மாடியும் ஓடி ஏறியதில் மூச்சு வாங்கியது. "இனிக் கதைக்கலாம்தானே? தொண்டை மாறியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தாள். மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் அந்தப் போனை அவள் கையிலிருந்து வாங்கி நிறுத்தினேன். எப்படிச் சொல்வது என்று பதினொரு நாளாக ஒத்திகை பார்த்த ஒன்றும் வரவில்லை. "அம்மா இல்லை பிள்ளை" என்று மட்டும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. எப்ப என்று கேட்டாள். சொன்னேன். அடக்கம்? முடிந்தது. எட்டுச் சடங்கு? அதுவும் முடிந்தது. வெள்ளைக் கோட்டைக் கழற்றி, மடித்து, கதிரையில் வைத்தாள்.

"செப்டெம்பரில திரும்பச் செய்யலாம் சித்தி."

எனக்கு விளங்கவில்லை.

"இந்தச் சோதினை. வீட்டில சாவெண்டு ஒரு கடிதம் குடுத்தாக் காணும். போன வருசம் என்ர அறையில இருந்தவள் அப்பிடித்தான் செய்தவள். மூண்டு மாசம் பிந்தும், வேறொண்டுமில்லை. உங்களில ஒருத்தருக்கு என்னட்டக் கேக்கத் தோணேல்லையோ?"

கேட்கவில்லை. லண்டனில், கனடாவில், யாழ்ப்பாணத்தில் மூன்று மூத்தவர்கள் கூடி ஒரு வாழ்க்கையைக் காப்பாற்றினோம் என்று நினைத்தோம். அதைக் காப்பாற்றத் தேவையே இருக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது.

அவள் போனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவின் செய்திகளைத் திறந்தாள். காலையில் வந்ததில் விரலை வைத்தாள்.

"இது ஆர்?"

"நான்."

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே தள்ளினாள். "இது?"

"அப்பா."

"மருந்து மாத்தினது?"

"அப்பா. நான் சொல்லிக் குடுத்தனான்."

ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒன்றையும் தவறவிடவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டதும் அப்பா, நித்திரை கொள் என்றதும் அப்பா. கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு வந்தாள். அங்கே எழுத்து இல்லை, குரல் பதிவு. அழுத்தினாள். அறைக்குள் என் அக்கா பேசினாள். கத்தரிக்காய் விலையைப் பற்றி ஏதோ சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டினாள், "சரி குஞ்சு, குளிச்சிட்டு வந்து எடுக்கிறன்" என்றாள்.

"இதுக்குப் பிறகு அம்மா இல்லையோ?"

"இல்லை."

அப்போதுதான் அவள் உடைந்தாள். நானும் பதினொரு நாளுக்குப் பிறகு அப்போதுதான் அழுதேன். அவளைப் பிடிக்கப் போனேன். என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்தாள்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு இருவருமாகப் போக நான் ஏற்கெனவே டிக்கெட் போட்டிருந்தேன். மறுநாள் காலை என் பெட்டியையும் வாசலுக்கு இழுத்து வந்தபோது, அவள் டாக்சியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரலில் கோபம் இருக்கவில்லை.

"நான் தனியப் போறன் சித்தி. நீங்கள் அம்மாவின்ர வீட்டுக்கு வராதேங்கோ."

உன் அம்மா என் அக்காவும்தான், எனக்கும் இருந்தது ஒரே அக்காதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளிடமிருந்து நான் பறித்ததைத்தான் அவள் எனக்கும் இல்லை என்றாள். தலையாட்டினேன். டாக்சி போய்விட்டது. வரவேற்புப் பெண்மணி என் பெட்டியை எடுத்துத் திரும்ப உள்ளே வைத்தாள். நான் லண்டனுக்கு வந்துவிட்டேன். அக்காவின் வீட்டுக்கு இன்னும் போகவில்லை.