சாமிக்கு ஆகாத பூ

எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதமாக ஊதாவைத் தவிர வேறு பேச்சு இல்லை. அம்பத்தூரை ஒட்டின மேனாம்பேட்டில் நாற்பத்தெட்டு வீடுகள். சுற்றுச்சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு மண்ணை மட்டும் சிமெண்ட் போடாமல் விட்டுவைத்திருக்கிறார்கள். அதில் 'பர்ப்பிள் தீம்' வைத்துத் தோட்டம் போடுவதென்று சங்கம் தீர்மானம் நிறைவேற்றிவிட்டது. ஏன் ஊதா என்று கேட்டேன். மற்ற நிறத்துக்கெல்லாம் ஏதாவது ஒரு கட்சி சொந்தம் கொண்டாடும், வம்பு எதற்கு என்றார் செயலாளர்.

ஏ பிளாக்கில் ஐடி தம்பி ஒருவர். வெளிநாட்டில் லாவண்டர் வயலுக்கு நடுவே நின்று எடுத்துக்கொண்ட படத்தைக் குழுவில் போட்டு, 'இதே மாதிரி' என்று எழுதினார். அம்பத்தூர் வெயிலில் லாவண்டர். இருபத்தேழு பேர் கைதட்டினார்கள். பத்துச் செடி வந்தது, எட்டாம் நாள் பத்தும் துடைப்பக்குச்சி. அந்தத் தம்பி குழுவில் இரங்கல் செய்தி போட்டார், அதற்கும் இருபத்தேழு பேர் கைதட்டினார்கள்.

அப்புறம்தான் தோட்ட ஆலோசகர் என்று ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். அவர் பட்டியல் வாசித்தார். எல்லாம் வாய்க்குள் நுழையாத பெயர்கள். ஆனால் வண்டியிலிருந்து இறக்கியபோது பார்த்தால், அத்தனையும் எனக்குப் பழக்கமான முகங்கள். நித்தியகல்யாணி, டிசம்பர் பூச்செடி, இலைக்கு அடியில் ஊதா பூசிக்கொண்ட அந்த 'ஷோ செடி'. கறுப்பு பிளாஸ்டிக் பைகளில் செம்மண்ணும் மக்கின சாணமும் ஈரமாகக் கலந்து வாசனை வந்தது. "அங்கிள், உங்களுக்கு கார்டனிங் இன்ட்ரஸ்டா?" என்று அந்தப் பெண் கேட்டது. "ஊதாவில் மட்டும் கொஞ்சம் அனுபவம் உண்டும்மா" என்றேன். கிழவர் ஜோக் அடிக்கிறார் என்று நினைத்துச் சிரித்தது.

ஜோக் இல்லை. அந்தக் காலத்தில், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கோவில்பதாகையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னால் ஆறடிக்கு மண் இருந்தது. கல்யாணமான புதிது. நான் தெற்கத்திக்காரன், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் அளவு பார்க்கிற வேலை. லேத்தில் கடைந்து வருகிற இரும்புப் பின்னை, கேஜ் என்கிற அளவு வளையத்துக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். போனால் பாஸ், போகாவிட்டால் ரிஜெக்ட். சூப்பர்வைசரிடம் ஒருநாள் வாய் கொடுத்தேன், மற்றவர்கள் மாற்றி மாற்றிப் பார்க்கிற மூன்றாம் ஷிப்டை எனக்கு மட்டும் நிரந்தரமாக எழுதிவிட்டார். ஊர் தூங்கும்போது நான் பின் எண்ணுவேன். காலை ஏழரைக்குத்தான் வீடு. அதற்குள் என் மனைவி சுகந்தி ரயில் ஏறியிருப்பாள், எழும்பூரில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். எங்கள் குடும்பம் நடந்ததே காலண்டர் அட்டையில் சொருகிவைக்கும் சீட்டுகளில்தான். 'பால் காய்ச்சியாயிற்று.' 'கரண்ட் போனால் மோட்டார் போடாதீர்கள்.' காதல் கடிதம் என்று பார்த்தால் வாழ்நாளில் எனக்கு வந்தவை அவைதான்.

ராத்திரி முழுக்க டியூப்லைட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் இரும்பும் பார்த்த கண்ணுக்கு, படுப்பதற்குமுன் செடியில் ஒரு பூவைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அதற்காகச் செம்பருத்தி வைத்தேன், நந்தியாவட்டை வைத்தேன், மஞ்சள் அரளி வைத்தேன். மூன்றும் பிரமாதமாகப் பூத்ததாகத் தெருவில் எல்லாரும் சொன்னார்கள். நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஏழரைக்கு வந்து நின்றால் வெறும் காம்புதான் என்னைப் பார்க்கும்.

பறித்தவர் யார் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. தெருவே அவரை 'நைனா' என்றுதான் கூப்பிடும். அந்தப் பக்கம் நிலமெல்லாம் நெல்லாக இருந்தபோது நாற்று நட்டவர், அப்புறம் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐந்தரைக்கு நெற்றி நிறையத் திருநீறும், கையில் கொக்கி கட்டின கழியும், தோளில் மஞ்சள் பையுமாகக் கிளம்புவார். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வெண்டைக்காயைத் தொட்டாலே பஞ்சாயத்து வரும். இங்கே பூவுக்கு மட்டும் தனிச் சட்டம். சாமிக்கு என்று சொல்லிவிட்டால் சுவரேறிக் குதித்தாலும் அது பக்தி.

விடுமுறை நாளில் காவல் இருக்க வேண்டியதுதானே என்பீர்கள். ஆறு நாள் விழித்தவனை ஏழாம் நாள் ஐந்தரைக்கு எந்த அலாரமும் எழுப்பாது. ஒரே ஒருமுறை எழுந்துவிட்டேன். நைனா நிதானமாக என் செம்பருத்தியை வளைத்துக்கொண்டிருந்தார்.

"நைனா, இது எங்க வீட்டுச் செடி" என்றேன்.

"தெரியும்பா. ரோட்டாண்ட எட்டிப் பாக்குது பாரு, அது சாமிக்கு."

"உள்ளே இருக்கறதையும் பறிக்கிறீங்களே?"

"கொக்கிக்கு எட்டுதுல்ல? அப்ப அதுவும் சாமிக்குத்தான். நான் இன்னா தலைலயா வச்சிக்கப் போறேன்?"

பூ வைத்துக்கொள்ள அவர் தலையில் முடியே கிடையாது, அதனால் வாதம் அங்கேயே முடிந்தது. போகும்போது, "நந்தியாவட்டைக்குக் கொஞ்சம் எரு போடுப்பா, பூவு சின்னதாப் போவுது" என்று குறை வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு பூந்தமல்லி போகிற ரோட்டில் இருந்த நர்சரிக்குப் போனேன். "சாமிக்கு ஆகாத பூச்செடியாப் பார்த்துக் குடுங்க" என்றேன். நர்சரிக்காரர் ஹோஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, எல்லாரும் சாமிக்கு ஆவுற பூவத்தான கேட்டுகினு வருவாங்கோ. ஊட்ல எதுனா சண்டையா?"

விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் ரொம்ப நேரம் யோசித்தார். டாக்டர்கூட எனக்காக அவ்வளவு யோசித்ததில்லை.

"அப்ப ஊதாவுக்குப் போயிடு. மஞ்சா, வெள்ளை, செவப்பு மூணும் சாமி கலரு. ஊதாவுல சங்குப்பூ மட்டும் வேணாம், அத பெருமாளும் கேப்பாரு, சிவனும் கேப்பாரு. இந்தா, நித்தியகல்யாணி. இத சுடுகாட்டு மல்லினு சொல்வாங்கோ, ஒருத்தன் கிட்ட வரமாட்டான்."

இப்படித்தான் என் ஊதாத் தோட்டம் உருவானது. இன்றைக்கு ஆலோசகர்கள் நிறச் சக்கரம் எல்லாம் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் எந்தத் தெய்வத்துக்கு எது பிடிக்காது என்று கழித்துக் கழித்துத் தேர்ந்தெடுத்தேன். நித்தியகல்யாணி, கத்தரி, ஒரு ஷோ செடி, வரிசையாக நான்கு டிசம்பர்.

நித்தியகல்யாணிக்கு ஆயுள் ஒருநாள். அதன் இன்னொரு பெயரை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் காலை காலண்டரில் சீட்டு இருந்தது: 'சுடுகாட்டுச் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். வாழ்கிற வீடு இது.' கத்தரியைப் பக்கத்துத் தெரு ஆடு மொட்டு விடுவதற்குள் முடித்துவிட்டது. ஷோ செடி பூக்கவே மாட்டேன் என்றது. ஊதா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் படுத்தேன்.

மிஞ்சியது டிசம்பர் பூதான். அதற்கு வாசனையும் கிடையாது, சாமி நிறமும் கிடையாது, இரண்டும் இல்லாத பூவை எங்கள் தெருச் சாமிகள் ஏற்பதில்லை. தலைக்கு வைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு, ஆனால் அவர்கள் கேட்டுவிட்டுப் பறிக்கிற ஜாதி. கார்த்திகை மழை விட்டதும் நான்கு செடியிலும் மொட்டு கட்டியது. நீளமாக, நுனியில் மட்டும் ஊதா தெரியும் மொட்டுகள். நைனா கடந்து போகும்போது, "இன்னாம்மா, இத்தப் போய் வச்சிருக்க, பூசைக்கு ஆவாதே" என்று சுகந்தியிடம் வருத்தப்பட்டாராம். எனக்கு அன்று பகல் நல்ல தூக்கம்.

நான் மறந்துபோன தெய்வம் ஒன்று இருந்தது. அந்த மார்கழியில் சனிப்பெயர்ச்சி. தொலைக்காட்சியில் தினமும் காலையில் பட்டு வேட்டியோடு ஒரு ஜோசியர் வருவார். இன்ன இன்ன ராசிக்காரர்கள் சனீஸ்வரனுக்கு நீலம் அல்லது ஊதா நிற மலரால் அர்ச்சனை செய்தால் உபாதை குறையும் என்று அவர் சொல்லிவிட்டார். வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராசி பன்னிரண்டில் எட்டைச் சேர்த்துவிட்டார்.

பெயர்ச்சி அன்று காலை ஏழரைக்கு வந்தேன். முந்தின நாள் நான் எண்ணிவைத்துப் போனவை அறுபதுக்குமேல் மொட்டுகள். எல்லாம் அன்றைக்கு விரிய வேண்டியவை. ஒன்றுகூட இல்லை. கிளையே முறிந்து கிடந்தது. நைனா மட்டும் அல்ல, தெருவே வந்து போயிருக்கிறது, மண்ணெல்லாம் விதவிதமான செருப்புத் தடம். உள்ளே போனால் காலண்டரில் சீட்டு: 'உங்கள் ராசிக்கு ஏழரை. ஊதாப் பூ ஒன்பது எடுத்து வையுங்கள். சாயங்காலம் கோயில்.'

வந்ததே கோபம். சாப்பாட்டுப் பையைக்கூட வைக்காமல் நைனா வீட்டுக்கு நடந்தேன். ஏரிக்கரைச் சந்தில் கடைசி வீடு. கதவு திறந்து கிடந்தது, கொல்லைப்பக்கம் பேச்சு கேட்டது, நேரே போனேன். அங்கே முறத்தில் என் பூக்களைப் பரப்பிவைத்து நைனா காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது. அடிபம்புக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு டிசம்பர்ப் புதர். இலை தெரியாமல் பூத்திருந்தது. கை படவே இல்லை.

"இவ்வளவு பூவை வச்சிக்கிட்டா என் செடியில கை வச்சீங்க?"

நைனா மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "அது இதுல கை வைக்காது. வச்சா அன்னிக்கு சோறு கெடையாதுன்னு சொல்லி கீறேன். பூவு செடில இருந்தாத்தான் பூவு."

"ஊர்ச் செடிலாம் சாமிக்குப்பா" என்றார் நைனா, கொஞ்சமும் கூசாமல். "ஊட்டுச் செடி இவளுக்கு."

என்னவென்று திட்டுவது? என் ஆசையைத்தானே அந்த அம்மாவும் சொல்கிறார்.

"நைட்டு டூட்டியா? மூஞ்சப் பாரு" என்று அந்த அம்மா ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டார். "குந்து. பறிக்காத, பாத்துட்டுப் போ."

உட்கார்ந்தேன். வெயில் அப்போதுதான் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. இதழில் ஊசியால் கீறின மாதிரி கருநீலக் கோடுகள் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு தேனீ ஒவ்வொரு பூவாகப் போய்ச் சோதித்துக்கொண்டிருந்தது, அது எதையும் ரிஜெக்ட் செய்யவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தூக்கம் இல்லாத கண் என்று சொல்லிச் சமாளித்தேன், ஆனால் அழுததுதான் நிஜம். கிளம்பும்போது நைனா முறத்திலிருந்து ஒன்பது பூவை எண்ணி என் கையில் போட்டார். என் பூவை எனக்கே தானம் பண்ணினார், நானும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அர்ச்சனை நடந்தது. சனீஸ்வரன் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை, ஏழரை வருஷமும் ஒருநாள் குறையாமல் வேலை வாங்கினார். ஆனால் அதன்பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் ஷிப்ட் முடிந்து வரும்போது அந்தப் பக்கெட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். நைனா அந்நேரம் என் வாசலில் பறித்ததைக் காம்பு கிள்ளிக்கொண்டிருப்பார். இரண்டு பேருக்கும் அதில் வெட்கம் இருந்ததில்லை.

கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்த ஷெட் இப்போது ஆன்லைனில் விற்கிறவர்களின் கிடங்கு. அந்த அம்மா முதலில் போனார், அடுத்த வருஷம் நைனா. பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். போன தடவை அந்தச் சந்துக்குப் போனேன், நான்கு மாடி எழும்பியிருக்கிறது. அடிபம்பு இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன், வரிசையாக ஸ்கூட்டர்கள்.

எங்கள் அடுக்ககத் தோட்டம் நன்றாகவே வந்திருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. பறிக்காதீர்கள் என்று பலகை, அதற்கு மேலே கேமரா. இரண்டும் தண்டம். வீடுகளுக்குப் பூஜைப்பூ பிளாஸ்டிக் பையில் வந்து கதவுக் கைப்பிடியில் தொங்குகிறது. செடியில் பூத்தது செடியிலேயே வாடுகிறது, பெருக்குகிற அம்மா பத்து மணிக்கு வாரிக் குப்பையில் போடுகிறார். நான் இளவயதில் கேட்ட வரம் இதுதான், முழுசாகக் கிடைத்துவிட்டது. ஷிப்டும் இல்லை, காலை முழுக்க என் கையில். தூங்கலாம். ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. பால்கனியில் நின்று பூவைப் பார்ப்பதாகச் சுகந்தி நினைக்கிறாள். நான் பார்ப்பது வாசல் கேட்டை. கொக்கிக் கழியோடு ஒருத்தரும் வருவதில்லை.