அப்பனும் மகனும் ஒரே அறையில்

கரும்பு ஆலை ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதைச் சோதிப்பது என் வேலை. புரோகிராம் எழுதியவர் வில்லியனூர் பஷீர். இருவரும் தற்காலிக ஊழியர்கள். "டிரையல்ல சொதப்பினா மெசினோட நீங்களும் மூட்டையக் கட்டிக்கலாம்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

பஷீரின் முறை எளிது. விவசாயியின் பெயரையும் அவர் அப்பா பெயரையும் தட்ட வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். எல்லாவற்றையும் கூட்டினால் வருவது ஹாஷ் கோடு. கம்ப்யூட்டர் நினைவில் அந்த எண்ணுள்ள அறையில் அவருடைய கட்டிங் ஆர்டர், அதாவது கரும்பை வெட்ட ஆலை நாள் குறித்துத் தரும் உத்தரவு இருக்கும். மற்ற அறைகளைத் துழாவ வேண்டாம். ஆபீஸ் ஆட்களின் பெயரையெல்லாம் தட்டிப் பார்த்தேன். ஆளுக்கொரு அறை கிடைத்தது.

"பாத்தியாக்கா, ஒருத்தரோட ஒருத்தர் இடிக்கவே இல்ல" என்று பஷீர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

டிரையல் அன்று வாசலில் நின்ற மடுகரை விவசாயி ஒருவரை மேனேஜர் கூப்பிட்டு உட்கார வைத்தார். பெயர் அய்யனார், அப்பா பெயர் முனுசாமி. தட்டினேன். ஆர்டர் கொடுத்தாயிற்று, வெள்ளிக்கிழமை வெட்டு என்று திரையில் வந்தது.

"எனக்கு எப்பம்மா குடுத்தீங்க? அதுக்காவத்தான வந்து நிக்கிறேன். அது எம் மவனுக்கு வந்ததா இருக்கும்."

"மகன் பேர் என்னங்க?"

"முனுசாமி. எங்கப்பா பேரத்தான் வெச்சேன். பாகம் பிரிச்சதுலேர்ந்து அந்தப் பேரச் சொல்லவே வாய் கூசுது."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. முனுசாமி மகன் அய்யனார், அய்யனார் மகன் முனுசாமி. அதே எழுத்துகள், முன்னே பின்னே. எப்படிக் கூட்டினாலும் ஒரே எண்தான் வரும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊரில் வீட்டுக்கு வீடு இதே கதையாகத்தான் இருக்கும்.

நான் விளக்கியதும் அய்யனார் எழுந்தேவிட்டார். "இன்னாம்மா இது! வூட்டு நடுவுல சொவரு எழுப்பி வெச்சிருக்கேன். உங்க மெசினு எங்க ரெண்டு பேரயும் ஒரே ரூம்புல போட்டு வெச்சிருக்குது!"

மேனேஜர் சிரிக்கவில்லை. "இப்பவே சரி பண்ணுங்க. இல்லன்னா கெளம்புங்க" என்றார்.

பஷீர் வியர்க்க வியர்க்கத் திருத்தினார். ஒவ்வொரு எழுத்தின் எண்ணையும் அது நிற்கும் இடத்தால் பெருக்கிவிட்டுக் கூட்டு. அறைக்குள் போனதும் முழுப் பெயரையும் ஒப்பிட்டுப் பார். மறுபடி தட்டினேன். ஆர்டர் இன்னும் வரவில்லை என்றது திரை. ஆர்டர் வராததற்கு மகிழ்ந்த விவசாயியை அன்றுதான் பார்த்தேன். மேனேஜரே சிரித்துவிட்டார். வேலை தப்பியது.

வாசல் வரை போனவர் திரும்பினார். "அவனுக்கு வெள்ளிக்கெழமன்னுதான போட்டிருந்திச்சி? வெட்ட ஆளு கெடச்சாங்களான்னு அதுல தெரியுமாம்மா?"

"அதெல்லாம் தெரியாதுங்க."

இன்றைய பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சோதிக்கும்போது ஆபீஸ் ஆட்களின் பெயரை நம்பாதீர்கள். யாருக்காக மெசினோ, அவர்கள் வீட்டுப் பெயர்களைத் தட்டிப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை எடைமேடைக்கு ஒரு கரும்பு வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் அய்யனார். பாரம் ஏற்றக்கூடத் தெரியவில்லை என்று பின்னால் நடந்து வந்த மகனைத் திட்டிக்கொண்டே இறங்கினார். மகனும் சளைக்காமல் பதில் கொடுத்துக்கொண்டிருந்தான். எடையை யார் பெயரில் தட்டுவது என்று கேட்டேன். அப்பாதான் முந்திக்கொண்டார்.

"முனுசாமி. அப்பா பேரு அய்யனாரு. மாத்திக் கீத்தித் தட்டிறாதம்மா."