ஒற்றைக் கோடு

போன வாரம் மகள் பள்ளிக்கூட வேலைக்காக வெள்ளி நிறப் பேனா ஒன்றை மூடியைக் கழற்றி மேஜைமேல் போட்டிருந்தாள். ஸ்பிரிட் வாசனை. சோற்றில் கை வைத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "இன்னா, ரசம் புடிக்கலையா?" என்றாள் மனைவி. ரசத்தின்மேல் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் நான் வேலை பார்த்த ஆம்பூர் பைபாஸ் கார் மெக்கானிக் ஷெட் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த மாதிரிப் பேனாவை அந்தக் காலத்தில் வேறெங்கும் அதிகம் பார்க்க முடியாது. எங்கள் பக்கத்து ஷூ கம்பெனிகளில் தோல்மேல் தையல் போகும் இடத்தைக் குறிக்க வைத்திருப்பார்கள். குமரேசனின் தங்கை கம்பெனி பஸ்ஸில் மாதனூரிலிருந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மை தீரும் நிலையில் இருக்கும் பேனாக்கள் அவள் மூலம் எங்கள் ஷெட்டுக்கு வந்து சேரும். குமரேசன் என்னோடு வேலை பார்த்தவன். வேலை பார்த்தவன் என்று இப்போதுதான் சொல்கிறேன். அப்போது கேட்டிருந்தால் என் தோஸ்த் என்று மார்தட்டியிருப்பேன்.

தோல் மண்டிக்காரர்களின் கார்கள்தான் எங்களுக்குப் பிழைப்பு. எந்த வண்டியின் டிக்கியைத் திறந்தாலும் பதனிட்ட தோல் வாசனை முகத்தில் அடிக்கும். முதலாளியை பாய் என்று கூப்பிடுவோம். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

இன்ஜினின் முன்பக்கம் கீழே பெரிய போல்ட் ஒன்று இருக்கும். கிராங்க் புல்லி போல்ட். பெல்ட் ஓடும் சக்கரத்தை அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது தளர்ந்தால் உள்ளே எல்லாம் நிலைமாறி இன்ஜினே நாசம். அதனால் பாய் ஷெட்டில் அதற்கென்று ஒரு முறை இருந்தது. மரையைத் துணியால் துடைக்கவேண்டும். ஒருவன் வண்டிக்குள் ஏறி டாப் கியர் போட்டு பிரேக்கை அழுத்தி மிதிக்க, இன்ஜின் சுற்றாமல் நிற்கும். இன்னொருவன், இறுக்கும் அளவை முன்கூட்டியே வைத்த டார்க் ரெஞ்சை ஒரே சீராக இழுப்பான். வைத்த அளவு வந்ததும் ரெஞ்ச் 'டொக்' என்று சொல்லும். அதற்குமேல் ஒரு மயிரிழைகூட இழுக்கக்கூடாது. பிறகு போல்ட் தலையிலிருந்து புல்லிவரை வெள்ளிப் பேனாவால் கோடு போடவேண்டும். போல்ட் அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். நான் இறுக்கினால் ஒற்றைக் கோடு, குமரேசன் இறுக்கினால் இரட்டைக் கோடு.

"மிதிச்சிக்கோடா" என்பேன். "மிதிச்சாச்சி, இழு மச்சான்" என்பான். அந்தக் குரலை அப்படி நம்பினேன், பாருங்கள்.

வாணியம்பாடி வியாபாரி ஒருவரின் காருக்குப் புல்லியைக் கழற்றி டைமிங் பெல்ட் மாற்றினோம். வெள்ளிக்கிழமை. நான்தான் இழுத்தேன், அவன்தான் மிதித்தான். கோடு போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். நான் திரும்பி வந்தபோது கார் வெளியே நின்றது. குமரேசன் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

அடுத்த வாரம் அந்த கார் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரப்பட்டது. புல்லி ஆடி, உள்ளே வால்வெல்லாம் வளைந்து போயிருந்தது. "புள்ளைக்கு இன்னைக்கு காலேஜ்ல பரீட்சை. ரோட்ல நின்னு அழுதுச்சிங்க" என்றார் வியாபாரி. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பாய் குனிந்து பார்த்தார். கோட்டின் பாதி போல்ட்டில், பாதி புல்லியில், இரண்டும் வேறு வேறு இடத்தில்.

"யார்ரா டைட் பண்ணது?"

குமரேசன் முந்திக்கொண்டான். "நான் பிரேக்குதான் மிதிச்சேன் பாய். பாருங்க, ஒத்தக் கோடு."

'டொக்' சத்தம் என் காதில் விழுந்ததா? விழுந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் கோடு என்னுடையதாயிற்றே. பாய் தொப்பியைக் கழற்றினார். "நாளையிலேர்ந்து நீ வாட்டர் வாஷ் பார்த்துக்கோ" என்றார். மாதம் முடிவதற்குள் நானே நின்றுவிட்டேன்.

அதன்பிறகு ஸ்பானரைத் தொடவில்லை. வேலூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்தேன். போல்ட் விற்பேன், இறுக்கமாட்டேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கேஸ் சிலிண்டரைத் திருகிவிட்டு மனைவியையும் ஒருமுறை திருகச் சொல்வேன். "ஏன் இப்படி பேஜார் பண்றீங்க?" என்பாள். என் கையை நானே நம்பாத ஆளாகிப்போனேன்.

இந்த வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில் குமரேசன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். நன்றாகச் சதை போட்டிருந்தான். பிரியாணி வருவதற்குள் எதிர் வரிசைக்காரர்களுக்கு அந்த வாணியம்பாடி கார் கதையைச் சொல்ல ஆரம்பித்தான், சிரித்துக்கொண்டே.

"இவன் சோறு துன்னப் போய்ட்டான். பாத்தா, புல்லிக்குப் பின்னாடி கவர்ல போட வேண்டிய போல்ட்டு ஒண்ணு ட்ரேல கெடக்குது. நான் போட வேண்டியது, மறந்துட்டேன். பாய் வந்துடுவாரேன்னு காத்துல ஓடுற ஏர் கன்ல புல்லியைக் கழட்டி, அதைப் போட்டு, ரெஞ்சு வெக்காம கன்லயே ரெண்டு தட்டு தட்டி விட்டுட்டேன். இவன் கோட்டை அழிச்சிட்டு அதே மாதிரி ஒத்தக் கோடு இழுத்தேன். எப்டி?"

அவர்கள் சிரித்தார்கள். என் இலையில் பிரியாணி விழுந்ததுகூடத் தெரியவில்லை.

"ஏன்டா அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா என்னைத் தொரத்தியிருப்பாரு மச்சான். உனக்கு இன்னா, எங்க போனாலும் பொழச்சிப்ப."

"பாய்கிட்டயாவது அப்புறம் சொன்னியா?"

"அவரு மவுத்தாயி ரெண்டு வருஷம் ஆவுது. இனிமே இன்னாத்துக்கு? தயிர் பச்சடியை இப்படித் தள்ளு."

தள்ளினேன். அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. பாவி, அத்தனை வருஷம் என் கையை என்னிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டவன் கேட்டான், நானும் மரியாதையாகப் பச்சடியைத் தள்ளினேன்.

மறுநாள் கடையைத் திறக்காமல் ஆம்பூருக்கு பஸ் ஏறினேன். பாய் இல்லை என்று தெரியும். அவர் நின்ற இடத்திலாவது போய் நிற்கலாம் என்று ஒரு கிறுக்கு. ஷெட் இல்லை. கிரீஸ் ஊறிய தரை இல்லை, வேப்பமரம் இல்லை. கண்ணாடி வைத்த செருப்புக் கடை ஒன்று ஏசி குளிரை வாசலில் வழியவிட்டுக்கொண்டிருந்தது.

"உள்ள வாங்க சார். இன்னா சைஸு?" என்றாள் கடைப்பெண்.

'நான் இல்ல பாய்' என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

"எட்டும்மா" என்றேன்.